சாலை ஏறுகிறது, வீடு இறங்குகிறது: ஜாக்கி வைத்து வீட்டை உயர்த்துவது பற்றி

சென்னையின் பழைய குடியிருப்புகளில் தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வாசலுக்குப் போகும் வீடுகள் நிறைய உண்டு. கட்டிய காலத்தில் அதே வீட்டுக்கு மூன்று படி ஏறித்தான் போயிருப்பார்கள். வீடு பூமிக்குள் போகவில்லை, சாலைதான் மேலே வந்துவிட்டது.

கணக்கு எளிது. தார்ச்சாலையின் மேல் அடுக்கு 30 முதல் 40 மி.மீ. அதற்குக் கீழே இன்னொரு அடுக்கையும் சேர்த்துப் போட்டால் மொத்தம் மூன்று அங்குலத்துக்கு மேல் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டால், அதாவது மில்லிங் செய்தால், உயரம் மாறாது. சுரண்டாமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் மூன்று அங்குலம் ஏறும். பேஸ்மட்டம், அதாவது அஸ்திவாரத்தின் மேல் வீட்டுத் தரை நிற்கும் மட்டம், சுற்றுத்தரையை விடக் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது ஒன்றரை அடி. ஆறு முறை சாலை போட்டால் அந்த ஒன்றரை அடியும் காலி.

எந்த ஊரிலும் சாலை உயரத்தான் செய்யும். சென்னையில் அது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இந்த ஊருக்குச் சரிவே கிடையாது. நகரத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மழைநீர் வடிகாலில் தண்ணீர் தானாக ஓட ஆயிரத்துக்கு ஒன்று சரிவு வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் இறக்கம் தேவை. அவ்வளவு உயரம் ஊரிலேயே இல்லை. கடைசியில் தண்ணீர் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு முகத்துவாரங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கரையோரமாக நகரும் மணல் கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடைத்துக்கொண்டே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய ஏற்றத்திலும் புயல் நேரத்திலும் கடலே தண்ணீரை உள்ளே விடாமல் நிறுத்திவிடும். தென்பகுதியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காடு வரை சுற்றிப் போய்தான் கடலைப் பார்க்கிறது. வேளச்சேரியில் தண்ணீர் ஏன் நாள்கணக்கில் நிற்கிறது என்று கேட்பவர்கள் இந்த வழியை ஒருமுறை வரைபடத்தில் பார்த்தால் போதும்.

மழை பெய்யும் விதமும் அப்படி. ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். அதுவும் சில நாள்களில் மொத்தமாகக் கொட்டிவிடும். 2015 டிசம்பர் 1 அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அண்ணா நகர், கொளத்தூர், விருகம்பாக்கம் மாதிரிக் களிமண் பகுதிகளில் தண்ணீர் மண்ணுக்குள்ளும் இறங்காது. ஆகவே இந்த ஊரில் ஒரு வீடு மழையில் தப்புமா என்பதை நாலு அங்குலம், ஆறு அங்குலம் தீர்மானிக்கிறது.

வீட்டை உயர்த்தலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் அளக்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: கண்ணாடி போல உள்ளே தெரியும் அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஐம்பது அடி, உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர். குமிழ் ஒன்று சிக்கினாலும் அளவு தவறும், அதனால் குழாயைத் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். தெரு நடுவில் உள்ள மேன்ஹோல் மூடியைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, கழிவறைத் தரை, ஹால் தரை, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, ஈபி மீட்டர் பெட்டி என்று நான்கையும் குறியுங்கள்.

இதில் பலரும் கவனிக்காதது கழிவறைத் தரை. பெருமழையில் பாதாளச் சாக்கடைக்குள் மழைநீர் புகுந்து குழாய் நிரம்பிவிடும். அப்போது சாக்கடைத் தண்ணீர் தெருவில் மேன்ஹோல் மூடி மட்டத்துக்கு ஏறும். உங்கள் கழிவறையும் குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஃப்ளோர் டிராப்பும் அந்த மூடியை விடத் தாழ்வாக இருந்தால், வெளியே போக வேண்டியது உள்ளே வரும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் பின்பக்கம் பாத்ரூம் வழியாக வந்துவிடும். இதுதான் பிரச்சினை என்றால் வீட்டைத் தூக்கத் தேவையில்லை. தெருவில் இணைவதற்கு முன்னால் உள்ள கடைசிச் சேம்பரில் தண்ணீரை வெளியே மட்டும் போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிடலாம். செப்டம்பரில் திறந்து, மடல் சரியாக மூடுகிறதா, முடியோ துணியோ சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளியே சாக்கடை நிரம்பி வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளிருந்தும் தண்ணீர் போகாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஹால் தரையே சாலைக்குக் கீழே போய்விட்டது என்றால்தான் ஜாக்கி. சென்னையில் இந்த வேலை செய்யும் நிறுவனங்களில் பல ஹரியானாக்காரர்கள் நடத்துபவை. செங்கல் சுவரே சுமையைத் தாங்கும் பழைய வீடுகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். தூண் வைத்துக் கட்டிய கான்கிரீட் கட்டடத்தில் தூண்களையே வெட்டி, கம்பிகளை மறுபடி இணைத்துக் கான்கிரீட் போட வேண்டியிருக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்காமல் அதில் இறங்கவே கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் பேச்சே இல்லை, முடியாது.

வேலை இப்படி நடக்கும். மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின் இணைப்பு எல்லாவற்றையும் பிரிக்கிறார்கள். ஒரே ஒரு குழாயை மறந்தாலும் தூக்கும்போது அது சுவரைப் பிடித்து இழுக்கும். உள்ளே டைல்ஸைப் பெயர்த்து, சுவரின் இரு பக்கமும் மண்ணைத் தோண்டி அஸ்திவாரத்தைத் திறப்பார்கள். சுவருக்கடியில் ஓர் அடி ஒன்றரை அடி இடைவெளியில் துளை போட்டு, இரும்புச் சேனல் நுழைத்து, அதன் கீழே ஸ்க்ரூ ஜாக்கி நிறுத்துவார்கள். அடுத்தடுத்த துளைகளை ஒரே நாளில் போடக் கூடாது. ஒன்று விட்டு ஒன்று போட்டு, ஜாக்கி சுமை ஏற்ற பிறகே நடுவில் உள்ளதை உடைக்க வேண்டும். ஒரு சாதாரண வீட்டுக்கு நூற்றுக்கு மேற்பட்ட ஜாக்கிகள் ஆகும். கடைசியில் வீடு முழுக்க ஜாக்கிகளின் மேல் நிற்கும், அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் தொடர்பு இருக்காது.

பிறகு தூக்குவது. மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லா ஜாக்கிகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஒரு திருப்பில் ஏறுவது சில மில்லிமீட்டர்தான். சுவரில் முதலிலேயே ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு டியூப் லெவல் பிடித்துச் சரிபார்க்கலாம். ஒரு மூலை முந்திக்கொண்டால் ஜன்னல் மூலைகளில் சாய்வாக விரிசல் விழும். அந்த விரிசல் தெரிந்த உடனே நிறுத்தச் சொல்லுங்கள், பூசி மறைத்துவிடலாம் என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

தேவையான உயரம் வந்ததும் ஜாக்கிகளுக்கு இடையில் செங்கல் கட்டு வைத்து ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். அதன்பின் ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த இடத்தையும் கட்டுவார்கள். பழைய சுவரின் அடிக்கும் புதுக் கட்டின் மேலுக்கும் நடுவில் வரும் இடுக்குதான் இந்த வேலையின் உயிர். கலவையை மேலோட்டமாகத் திணித்துவிட்டால், ஜாக்கி எடுத்ததும் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும், விரிசல் அப்போதுதான் வரும். காய்ந்தாலும் சுருங்காத சிமென்ட் கலவையான கிரவுட்டை அழுத்தி நிரப்பச் சொல்ல வேண்டும், அதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம், செலவு குறைவு, பலன் அதிகம். பழைய வீடுகளில் சுவர் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்வதற்குக் காரணம், ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாததோ அது பழுதானதோதான். சுவர் அடியோடு வெட்டப்பட்டு நிற்கும் இந்த நேரத்தில், புதுக் கட்டின் மேல் ஒன்றரை அங்குலத்துக்கு வாட்டர்ப்ரூஃப் கலந்த 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட்டுவிட்டால் அந்தத் தொல்லையும் தீரும். வேறு எப்போதும் இது இவ்வளவு எளிதாக முடியாது.

தரை நிரப்புவதில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். உடைத்த இடிபாட்டையே கொட்டி மூடிவிட்டால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் டைல்ஸ் இறங்கும். கிராவலோ மணலோ அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தூக்குவதற்குச் சதுர அடிக் கணக்கில் சொல்லும் விலையில் பெரும்பாலும் இந்த நிரப்பல், ஃப்ளோரிங், பிளம்பிங் எதுவும் அடங்காது. தனித்தனியாகக் கேளுங்கள். வேலையை ஜனவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் முடித்துவிட வேண்டும். தோண்டிய குழியில் ஐப்பசி மழை நின்றால் அஸ்திவாரத்துக்கடியில் உள்ள களிமண் இளகிவிடும்.

சம்ப்பை வீட்டோடு தூக்க முடியாது. அதன் கழுத்தை மட்டும் புதுத் தரை மட்டத்துக்கு மேல் ஒரு அடி வரும்படி கட்டி ஏற்றுங்கள். மழைக்காலத்தில் சம்ப்பைக் காலியாக விடவும் கூடாது. நிலத்தடி நீர் மேலேறும்போது காலியான தொட்டியைக் கீழிருந்து தள்ளும், தளம் வெடிக்கும். பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

எவ்வளவு உயர்த்துவது? பக்கத்துச் சுவர்களில் 2015, 2023 வெள்ளக் கறை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் ஒரு அடி சேருங்கள். சாலையும் சும்மா இருக்காது, மில்லிங் செய்யாமல் இன்னும் இரண்டு முறை போட்டால் அரை அடி போய்விடும். தெருவில் எல்லோரும் உயர்த்தினால் தண்ணீர் உயர்த்த முடியாதவர் வீட்டில் போய் நிற்கும் என்பது உண்மைதான். உண்மையான தீர்வு சாலையைச் சுரண்டிப் போடுவதுதான். ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து, சாலை வேலை தொடங்கும் நாளில் நின்று மில்லிங் கேட்டால், அது ஒரு வீட்டைத் தூக்குவதை விட மலிவு.

மூன்றடி உயர்த்தினால் அரை அடிப் படியாக ஆறு ஏற வேண்டும். பத்து அங்குல மிதிபலகை வைத்தாலும் வாசலுக்கு வெளியே நாலேகால் அடி இடம் தேவை. இதை யோசிக்காமல் தூக்கிவிட்டு, பிறகு படியை மழைநீர் வடிகால் மேல் கட்டி அடைத்துவிடுகிறார்கள். இடம் இல்லை என்றால் படியைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். இருசக்கர வண்டி ஏற ஆறுக்கு ஒன்று சரிவு என்றால் பதினெட்டு அடி வேண்டும், அவ்வளவு முன்வாசல் யாரிடமும் இல்லை. வண்டிக்கு மட்டும் கேட்டுக்குள் பழைய மட்டத்திலேயே ஒரு துண்டு இடம் விட்டு, அங்கிருந்து படி வைப்பதுதான் நடைமுறையில் ஒத்துவருகிறது. மழை எச்சரிக்கை வந்தால் அந்த வண்டியைத்தான் முதலில் மேடான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.