ஐந்து வாட்டுடன் ஏற்காட்டில் ஓர் இரவு

சேலம் கொண்டலாம்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் இருக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வானொலியைத் திருப்பினால் முதலில் கேட்பது இரைச்சல்தான். கேட்பவர்கள் உடனே விசைத்தறி மேல் பழி போடுவார்கள். தறி மோட்டார் பெரும்பாலும் நிரபராதி. அதன் தலைக்கு மேல் தொங்கும் மலிவான எல்.இ.டி. விளக்கு, பக்கத்து வீட்டு இன்வர்ட்டர், செல்போன் சார்ஜர் ஆகியவைதான் குற்றவாளிகள். இவற்றின் உள்ளே இருக்கும் சுற்றுகள் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடுகின்றன. அந்த வெட்டில் கசியும் அலைகள் சிற்றலை வரிசை முழுவதும் பரவி, தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்களை அமுக்கிவிடுகின்றன.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தால் தெருவே புலம்பும். எனக்கு மட்டும் அன்று திருவிழா. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனதும், வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் 8, 9 என்ற இடத்திலிருந்து 2 வரை சரியும். அதுவரை இல்லாத நிலையங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஒரு மின்தடை நாளில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது: மின்வாரியத்தின் தயவுக்குக் காத்திருப்பதைவிட மலையேறிவிடலாமே.

ஹாம் ரேடியோவில் குறைந்த திறன் என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. 'கியூ.ஆர்.பி.' என்பார்கள். புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் என்றால் 5 வாட், குரல் என்றால் உச்சத்தில் 10 வாட். அதற்கு மேல் போகக் கூடாது என்பது இந்தக் கூட்டத்தார் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. சாமி அறையில் எரியுமே, ஜீரோ வாட் குண்டு பல்பு, அதுவே 15 வாட் இழுக்கும். நம் நாட்டில் பொது நிலை உரிமம் வைத்திருப்பவருக்கு 400 வாட் வரை அனுமதி இருக்கும்போது எதற்கு இந்த விரதம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால், வலிமையை ஒப்பிடும் டெசிபல் அளவில் இழப்பு 13 டெசிபல். எஸ் மீட்டரில் ஒரு புள்ளி 6 டெசிபல் என்பதால், கேட்பவரின் மீட்டரில் முள் இரண்டு புள்ளிக்குச் சற்று அதிகமாக இறங்கும், அவ்வளவுதான். சுமையோ பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அனுப்பவும் கேட்கவும் உதவும் வானொலிப் பெட்டி, பேட்டரி, கம்பி எல்லாம் பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும்.

என்னுடன் வந்தவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன். அவரிடம் இருப்பது ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைப் பெட்டி. இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த அந்த வடிவமைப்பின் அழகு, கடையில் கிடைப்பதை வைத்தே கட்டிக்கொள்ளலாம் என்பதுதான். காயில் சுற்றுவதற்கான இறக்குமதி வளையங்கள் கிடைக்காத இடத்தில் தண்ணீர்க் குழாய் வாஷரில் கம்பி சுற்றிக்கொள்ளலாம் என்று சொன்னவர் ஃபர்ஹான். அண்ணனுக்கு அது போதாதா? எனாமல் பூசிய செம்புக் கம்பி அவர் கடையில் கிலோ கணக்கில் கிடக்கிறது. மோட்டாருக்குச் சுற்றிய விரல்கள் வாஷருக்கும் சுற்றின. ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறியிருக்காது. என் பெட்டியில் இருக்கும் காயில்களைப் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கும். என்னுடையது 7, 14 மெகாஹெர்ட்ஸுக்கான மோர்ஸ் பெட்டி.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்தோம். வழி பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. ஏரிக்கரைக் கூட்டத்தில் இறங்கி, பஜ்ஜி சாப்பிட்டு, நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் ஏற்பாடு செய்திருந்த அறைக்குப் போனோம். தை மாதக் குளிர். களத்தில் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது.

ஆன்டெனா கட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் உடம்பு வேலை. 7.030 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளக் கம்பி என்றால் சுமார் 20 மீட்டர். நடுவில் தூக்கி, இரு முனைகளையும் தாழ்த்திக் கட்டினால் கவிழ்த்த 'வி' போல நிற்கும். தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி. தூண்டில் நரம்பில் கல்லைக் கட்டி நான் கையை ஓங்கிய நேரத்தில் மேஸ்திரி ஓடி வந்தார்.

"சார், கொடியில் பட்டால் சரம் உதிர்ந்துவிடும். இது என்ன, செல்போன் டவரா?"

"டவர் இல்லைங்க, ரேடியோ. நாளைக்கே அவிழ்த்துவிடுவோம்" என்றார் அண்ணன்.

மேஸ்திரி முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. உரிமத்தின் நகலைக் காட்டியதும் வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, மிளகு பறிக்க வைத்திருந்த ஒற்றை மூங்கில் ஏணியைக் கொண்டுவந்தார். மூங்கிலின் கணுக்களில் விட்டிருந்த கிளைக் குச்சிகள்தான் படி. ஒரு கால் விரல் மட்டுமே ஊன்றும் அந்தப் படியில் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறி, கொடியில் ஓர் இலை அசையாமல் கப்பியைக் கட்டிவிட்டு இறங்கினார். நான் கல்லை எறிந்திருந்தால் பொழுது சாய்ந்திருக்கும்.

பெட்டியைப் போட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பழுதோ என்று தோன்றும் அளவுக்கு அமைதி. ஏற்காட்டில் உயரம் இருப்பதால் வானொலி நன்றாக எடுக்கும் என்று பலர் சொல்வார்கள். சிற்றலைக்கு அது பெரிய விஷயம் இல்லை. அலை மேலே போய், வானில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி இறங்கும் அலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மலை ஒரு பொருட்டா? இங்கே கிடைப்பது உயரத்தின் பயன் அல்ல, எல்.இ.டி. விளக்குகள் அருகில் இல்லாததன் பயன். மாடியில் இருந்ததைவிட ஆறு எஸ் புள்ளி இரைச்சல் குறைந்திருந்தது. அதாவது 36 டெசிபல். பணத்தைக் கொட்டி 100 வாட் பெட்டி வாங்கியிருந்தாலும் 13 டெசிபல்தானே!

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மலையேறியதால் நம் காதுதான் கூர்மையாகிறது. மறுமுனையில் இருப்பவர் வீட்டு இரைச்சலை நாம் குறைக்க முடியாது. அவருக்கு நாம் அதே 5 வாட்தான். அதனால் நாமே 'சி.கியூ.', அதாவது 'யாராவது பேச வாருங்கள்' என்று கூவிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. வலுவாகக் கேட்பவரைத் தேடிப் பிடித்து, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் நம் நிலையத்தின் பெயரான அழைப்புக்குறியைப் போட வேண்டும்.

நடுப்பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சிவிடும். வெயில் தாழ்ந்ததும் வரிசை விழித்துக்கொண்டது. கொழும்பிலிருந்து ஒருவர் மோர்ஸில் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார். சுமார் 550 கிலோமீட்டர். முதல் அழைப்பிலேயே பதில் வந்தது. வலிமை 7 என்று எனக்கு மதிப்புக் கொடுத்தார். இந்தத் தூரத்துக்குத் தாழ்வாகக் கட்டிய கம்பிதான் பொருத்தம், ஏனென்றால் அது அலையை ஏறக்குறையச் செங்குத்தாக மேலே அனுப்பி அருகிலேயே இறக்கும்.

இருட்டியதும் 14 மெகாஹெர்ட்ஸுக்கு வேறு கம்பி கட்டினோம். இத்தாலிய நிலையம் ஒன்று நன்றாகக் கேட்டது, சுமார் 7,000 கிலோமீட்டர். நான் அழைத்தேன். என் குறியின் தொடக்கமான, இந்திய நிலையம் என்று காட்டும் 'வி.யூ.' என்பதைப் பிடித்துக்கொண்டு கேள்விக்குறி போட்டார். மறுபடி அனுப்பினேன். இம்முறை கடைசி எழுத்து மட்டும் தெரிந்தது அவருக்கு. அலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வலுவான ஐரோப்பிய நிலையங்கள் நடுவில் புகுந்தபோது அவர்களை நிறுத்திவைத்து, 'வி.யூ. மட்டும்' என்று எனக்காகக் காத்திருந்தார். எழுத்து எழுத்தாக என் குறி முழுமையானபோது அண்ணன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டினார். முகம் தெரியாத ஒருவர் இவ்வளவு பாடுபட்டுக் கேட்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. 5 வாட்டில் பேசுகிறவனின் வெற்றி என்று சொல்வதெல்லாம் பாதிக்கு மேல் கேட்கிறவரின் பொறுமை.

மறுநாள் காலை சேர்வராயன் கோயில். 1,600 மீட்டருக்கு மேல் மொட்டையாகப் பரந்து கிடக்கும் சமவெளி, குனிந்து போகும் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். தரிசனம் முடித்து வெளியே வந்து அண்ணன் கையடக்கப் பெட்டியை எடுத்தார். உயரம் உண்மையிலேயே வேலை செய்வது இங்கேதான். 145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நேர்கோட்டில் போவதால் எவ்வளவு தூரம் கண்ணுக்கு எட்டுமோ அதற்குச் சற்று மேலேயே அலையும் எட்டும். 2 வாட்டில் ஈரோட்டிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பக்கத்து அறையில் பேசுவதுபோலப் பதில் வந்தது. காற்றுதான் ஒலிவாங்கிக்குள் புகுந்து இரைந்தது.

போக நினைப்பவர்கள் மார்கழி, தை, மாசியில் போய்விடுங்கள். சித்திரை, வைகாசியில் மாலையானால் இடி பிடித்துக்கொள்ளும். காதில் சடசடப்பு தவிர வேறொன்றும் கேட்காது, மலை உச்சியில் செம்புக் கம்பியைத் தூக்கிக் கட்டுவதும் ஆபத்து.

தோட்டத்துக்குத் திரும்பிக் கம்பியை இறக்கும்போது மேஸ்திரி, "இருக்கட்டுமே சார், துணி காயப்போட வசதியாக இருக்கும்" என்றார். செம்பு விற்கும் விலையில் அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. கயிற்றை மட்டும் விட்டுவிட்டு வந்தோம்.