பேஸ்மென்டில் தண்ணீர் புகுந்தால் உடனே இறைக்காதீர்கள்

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் மழைத் தண்ணீர் புகுந்த சேதி தெரிந்து விசாரித்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இன்னுமா இறைக்கல?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. படியில் நின்றுகொண்டு, பெட்டிகளும் செருப்புகளும் மிதப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் இந்த விஷயத்தில் அவசரப்பட வேண்டிய இடம் ஒன்று, பொறுமையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. பெரும்பாலும் நாம் இரண்டையும் மாற்றிச் செய்கிறோம்.

முதலில் கரண்ட். தண்ணீர் பிளக் பாயிண்ட் உயரத்துக்கு வந்துவிட்டது என்றாலோ, உள்ளே ஏதாவது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்றாலோ, கால் வைக்கவே கூடாது. மெயின் சுவிட்ச் மேலே இருந்தால் நல்லது, அணைத்துவிடலாம். போர்டே பேஸ்மென்டில் இருக்கிற வீடுகளில்தான் தொல்லை. தண்ணீரில் நடந்துபோய் அதை அணைக்கலாம் என்று கிளம்பாமல், மின் இணைப்பை வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்ல வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கிறேனே என்பதெல்லாம் பேச்சுக்கு ஆகாது. காஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். இன்னொன்று, ஃபிரிட்ஜ் மிதக்கும். நிற்கிற மாதிரி தெரியும், பக்கத்தில் போனால் சாயும்.

சரி, ஏன் உடனே இறைக்கக் கூடாது? மழை நின்றாலும் வீட்டைச் சுற்றியுள்ள மண் ஊறிப்போய்த்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சுவரை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டே இருக்கும். மண்ணில் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் அடியில் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 டன் அளவுக்கு நீரின் அழுத்தம் மட்டுமே இருக்கும், மண்ணின் பாரம் தனி. உள்ளே புகுந்த தண்ணீர் எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான் சுவர் தாக்குப்பிடிக்கிறது. பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் காலி செய்தால் அந்த எதிர்ப்பு போய்விடும், சுவர் உள்பக்கம் வளையலாம், தரையே மேலே எழும்பிப் பிளக்கலாம். தண்ணீரால் ஆன சேதத்தைவிட இறைத்ததால் ஆன சேதம் பெரிதாகிவிடும்.

அதனால் தண்ணீர் ஆழமாக நின்றால், வெளியே தரைமேல் நிற்கிற தண்ணீர் வடிந்த பிறகு, முதலில் 1 அடி மட்டும் குறைத்து, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுவிட்டு ஒரு ராத்திரி விட வேண்டும். காலையில் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் மண் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம், காத்திருக்க வேண்டியதுதான். ஏறவில்லை என்றால் அதன்பிறகு ஒரு நாளைக்கு 2 முதல் 3 அடி வரை இறக்கலாம். கணுக்கால் அளவு தண்ணீருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. குழாய் உடைந்து நிரம்பியது என்றாலும் வெளி மண் பொதுவாகக் காய்ந்துதான் இருக்கும், வால்வை மூடிவிட்டு உடனே இறைக்கலாம். வாளியால் அள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 10க்கு 10 அறையில் 1 அடி தண்ணீர் என்றால் சுமார் 2,800 லிட்டர். பெட்ரோல் மோட்டாரோ ஜெனரேட்டரோ கொண்டுவந்தால் அதை உள்ளேயும் ஜன்னல் ஓரத்திலும் வைக்கவே வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

காத்திருக்கிற நேரத்தை வீணாக்க வேண்டாம், தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. எல்லாம் காய்ந்த பிறகு ஆள் கூப்பிட்டால் அவர் யூகம்தான் சொல்வார். சுவரும் தரையும் சேருகிற மூலை, குழாய்கள் சுவரைத் துளைத்து வரும் இடம், ஜன்னல் அடிப்பகுதி, இவைதான் வழக்கமான வழிகள். தரையில் இருக்கும் வடிகால் துளையிலிருந்து கலங்கலாகவும் நாற்றத்தோடும் பொங்கி வந்தால் அது சாக்கடைத் தண்ணீர், அதைக் கையாளுவதே வேறு: கையுறை, பூட்ஸ் கட்டாயம், அதில் ஊறிய மெத்தையும் கார்பெட்டும் நேராகக் குப்பைக்கு. எதையும் நகர்த்தும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் முக்கியமாக. குழாய் உடைந்த சேதத்துக்குப் பணம் தருகிற பல பாலிசிகள் வெளியிலிருந்து வந்த வெள்ளத்துக்குத் தருவதில்லை.

தண்ணீர் போன பிறகுதான் நிஜமான அவசரம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் எல்லாரும் "அப்பாடா" என்று போய்ப் படுக்கிறார்கள். அட்டைப்பெட்டி, கார்பெட் முதலில் வெளியே போக வேண்டும். சுவரில் பதித்திருக்கும் ஜிப்சம் போர்டு தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சிக்கொள்ளும், அதனால் தண்ணீர் நின்ற தடத்துக்கு 1 அடி மேலேயே வெட்டி எடுப்பார்கள். ஜன்னலைத் திறந்துவைப்பது எப்போதும் உதவாது. வெளிக்காற்று புழுக்கமாக இருந்தால் குளிர்ந்த சுவரில் பட்டு அதுவே நீராகப் படியும். அப்போது எல்லாவற்றையும் மூடிவிட்டு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிற டிஹியூமிடிஃபையர் மிஷினை ஓட்டுவதுதான் சரி. பிளீச்சோடு அம்மோனியா கலந்த கிளீனரைச் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும். நனைந்த போட்டோக்களையும் பத்திரங்களையும் உடனே காயவைக்க நேரமில்லையென்றால் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம், பூஞ்சை நிற்கும், பிறகு நிதானமாகப் பிரித்துக் காயவைக்கலாம்.

அப்புறம் வருவார்கள் வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்காரர்கள். உள்சுவரில் அடிக்கிற பூச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அழுத்தம் வெளியிலிருந்து வரும்போது உள்பக்கப் பூச்சைத் தண்ணீர் பின்னாலிருந்தே தள்ளும், கொஞ்ச நாளில் உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தக் காசை வீட்டுக்கு வெளியே செலவழியுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். அவ்வளவும் கூரைக் குழாய் வழியாகச் சுவர் ஓரத்திலேயே கொட்டினால் அது வேறெங்கே போகும்? குழாயைச் சுவரிலிருந்து 2 மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடவேண்டும். சுவர் ஓர மண் வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும், 10 அடிக்கு 6 அங்குல இறக்கம் இருந்தால் நல்லது. இது இரண்டையும் செய்துவிட்டு அடுத்த மழையைப் பார்த்தபிறகு மற்றதை யோசிக்கலாம்.

தரைக்குழியில் பம்ப் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மிதவை எழும்பி மோட்டார் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். பேட்டரி இல்லாத பம்ப் பாதி பம்ப்தான், கரண்ட் போவதே பெருமழையில்தானே.

எங்கள் வீட்டில் குழாயை நீட்டி, மண்ணைச் சரித்துப் போட்டாயிற்று. சுவரில் ஒரு விரிசல் மட்டும் இன்னும் கசிகிறது. ஈர விரிசலில் எப்பாக்ஸி என்கிற பசை சரியாகப் பிடிக்காது என்பதால், தண்ணீர் பட்டால் நுரைத்து உப்புகிற பாலியூரித்தேனை ஊசி மூலம் செலுத்தச் சொல்லியிருக்கிறோம்.