சூப்பர்சார்ஜர் மினியும் ஒரு சிறிய புல்லியும்: டியூனிங் இல்லாமல் எவ்வளவு தூரம்?

பழைய மினி கூப்பர் எஸ் ஒன்றோடு ஓராண்டாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2003-ஆம் ஆண்டு வண்டி. ஆக்ஸ்போர்டில் தயாரானது, 1.6 லிட்டர் எஞ்சின் மட்டும் பிரேசிலின் கம்போ லார்கோவில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது. இந்த மாடலின் குறியீடு ஆர்53, சொன்னால் மினிப் பிரியர்களுக்குத் தெரியும். பானட்டைத் திறந்தால் மேலே அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், முன்பக்கம் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். மிதியை அழுத்தினால் மாவு மில் தொலைவில் ஓடுவதுபோல ஒரு ஊளை. அந்த ஊளைக்காகத்தான் வாங்கினேன் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வாங்கிய நாளிலிருந்து எனக்குள் ஒரே கேள்விதான். பாகங்களை மாற்றினால் எஞ்சினின் கணினியையும் டியூன் செய்தே, அதாவது அதன் கணக்குகளைத் திருத்தியே, ஆக வேண்டுமா, அல்லது அது கடைக்காரர்களின் வியாபாரப் பேச்சா? யாரைக் கேட்டாலும் ஒரு பதில், ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

மார்ச் மாதம். எதையும் தொடுவதற்கு முன் ரோலிங் ரோட்டில், அதாவது சக்கரங்களை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் மேடையில், ஏற்றினேன். புதிதாக வந்தபோது நிறுவனம் சொன்ன திறன் 163 குதிரைத்திறன். இருபது வயதைத் தாண்டிய என் வண்டி 151 காட்டியது. வருத்தப்பட ஒன்றுமில்லை, அந்த வயதில் நாமும் அப்படித்தான் மூச்சு வாங்குவோம். அன்று பதிந்த இன்னொரு எண்தான் முக்கியம். முழு மிதியில், நிமிடத்துக்கு 6500 சுற்றில், காற்று எரிபொருள் விகிதம் 11.2, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 11.2 பங்கு காற்று; எண் சிறுத்தால் பெட்ரோல் அதிகம். அதாவது பெட்ரோல் தாராளமாக ஊற்றப்படுகிறது. நிறுவனம் வேண்டுமென்றே விட்டுவைத்த பாதுகாப்பு அது. மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது, கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டும் நாக் வராமல் இருக்கிறது.

ஏப்ரலில் காற்று வடிகட்டியையும் பின்பக்கச் சைலன்சரையும் மாற்றினேன். அரை நாள் வேலை, நான்கு குதிரைத்திறன், நாற்பது குதிரைகளின் சத்தம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்த்தால், கணினி தானே செய்துகொள்ளும் எரிபொருள் திருத்தம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான் ஆடியது. இதற்கு டியூனிங் தேவையில்லை. யாராவது இதற்கே மேப், அதாவது கணினிக்கான எரிபொருள், தீப்பொறி அட்டவணை, விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம்.

மே மாதத்தில்தான் உண்மையான வேலை தொடங்கியது. சூப்பர்சார்ஜரைப் பெல்ட்டோடு இணைக்கும் புல்லியைக் கழற்றி, 15 சதவீதம் சிறியதைப் போட்டேன். இங்கே ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. விட்டம் 15 சதவீதம் குறைந்தால் வேகம் 15 சதவீதம் கூடுவதில்லை, ஒன்றை 0.85-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 17.6 சதவீதம் கூடுகிறது.

எம்45 என்ற பெயரிலேயே அதன் அளவு இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது சுமார் 740 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். எஞ்சின் ஒரு முறை சுற்றினால் இது ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறது. எஞ்சினோ ஒரு சுற்றுக்கு 800 கன சென்டிமீட்டர்தான் விழுங்கும். 1480 வந்து சேர்கிறது, 800-க்குத்தான் இடம் இருக்கிறது. அந்த நெரிசலைத்தான் பூஸ்ட் என்கிறோம். என் வண்டியில் முன்பு அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 0.8 பார் இருந்தது. சிறிய புல்லிக்குப் பிறகு ஒரு பாரைத் தொட வேண்டும்.

தொடவில்லை. 0.85-இல் நின்றது. 5000 சுற்றைத் தாண்டினால் முள் கீழே இறங்கியது, கூடவே கீச்சென்று ஒரு சத்தம். இரண்டு நாள் வெற்றிடக் குழாய்களையும் பைபாஸ் வால்வையும் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால், பழைய நீள பெல்ட்டையே மறுபடியும் மாட்டியிருக்கிறேன். புல்லி சிறுத்தால் பெல்ட்டும் சற்றுக் குட்டையாக வேண்டும் என்பது பெட்டிக்குள் இருந்த தாளில் தெளிவாக எழுதியிருந்தது. படிக்காதது என் தவறு. புதிய பெல்ட் மாட்டியதும் ஒரு பார் வந்தது. ரோலிங் ரோட்டில் 173.

இதுவரை கணினியில் கை வைக்கவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது. "பார்த்தாயா, டியூனிங் இல்லாமலே 18 வந்துவிட்டது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எப்படிச் சாத்தியமானது? இந்த வண்டியில் காற்றின் அளவை நேரடியாக எடைபோடும் மானி கிடையாது. உள்ளீட்டுக் குழாயில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் படித்து, இவ்வளவு காற்றுதான் உள்ளே போயிருக்கும் என்று எஞ்சின் கணினியான ஈசியு கணக்குப் போடுகிறது. சிறிய புல்லி அழுத்தத்தைக் கூட்டியது. சென்சார் அதைக் கண்டது. ஈசியு பெட்ரோலைக் கூட்டியது. அதன் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம், அதனால் சமாளித்தது. 6500 சுற்றில் விகிதம் 11.9. இன்னும் பத்திரமான இடம்தான்.

என் பெருமை ஜூலை வரைதான் நீடித்தது. ஒரு வெயில் நாளில், நெடுஞ்சாலையில் ஏறும் சரிவில், வண்டி சட்டென்று சோம்பியது. மிதி தரையோடு இருக்கிறது, இழுவை இல்லை. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தேன். இன்டர்கூலரைத் தாண்டி வந்த காற்றே 62 டிகிரி செல்சியஸ். முழு மிதியில் தீப்பொறி நேரத்தை ஈசியு வழக்கத்தைவிட 4 டிகிரி பின்னுக்கு இழுத்திருக்கிறது.

காற்றை அமுக்கினால் சூடாகும், சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும். எம்45 போன்ற ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் இதில் கொஞ்சம் முரட்டுப் பிள்ளை. அறுபது சதவீதத் திறன் என்று வைத்துக் கணக்கிட்டால், 20 டிகிரிக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகும்போது அது 125 டிகிரியைத் தாண்டி வெளியே வருகிறது. தேநீர் கொதிப்பதற்கு மேல். எஞ்சின் மேல் இருக்கும் சிறிய இன்டர்கூலர் அதை எவ்வளவுதான் குளிர்விக்கும்? சூடான காற்று நாக் வரவழைக்கிறது, நாக் சென்சார் அதைக் கேட்கிறது, ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றுகிறது. அந்தக் காப்பாற்றலுக்கு நான் கொடுத்த விலைதான் அன்று காணாமல் போன இழுவை.

அன்றிலிருந்து நாக் எளிதில் வராத 99 ஆக்டேன் பெட்ரோல் மட்டுமே. இங்கே இங்கிலாந்தில் சாதாரணப் பெட்ரோல் 2021 செப்டம்பரிலிருந்து பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 ஆகிவிட்டது, அதன் ஆக்டேன் 95. ஸ்பார்க் பிளக்கையும் ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்றினேன். தீப்பொறியின் பின்வாங்கல் பாதியாகக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை.

எனக்குப் பாடம் எடுத்தது அடுத்த பாகம்தான். செப்டம்பரில் எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டை மாற்றினேன். நீண்ட குழாய்கள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அடைப்பு குறைந்த வகை. கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர்தான் வெல்டிங்குக்கு உதவினார். புகையிலிருந்து காற்று எரிபொருள் விகிதத்தைப் படிக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்ட ஒரு திருகுவாயையும் வைத்து, தன் மானியையும் இரவல் கொடுத்தார். "தம்பி, சத்தத்தை நம்பாதே. இது சொல்வதை மட்டும் நம்பு."

முதல் ஓட்டத்தில் பூஸ்ட் முள்ளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஒரு பார் இருந்தது 0.9 ஆகிவிட்டது. மீண்டும் பெல்ட்டா? ஆனால் வண்டியோ முன்பைவிட நன்றாக இழுக்கிறது. வெகுநேரம் வண்டிக்குள் உட்கார்ந்து யோசித்த பிறகுதான் புரிந்தது. பூஸ்ட் என்பது உள்ளே போன காற்றின் அளவல்ல, போக முடியாமல் நெரிந்து நிற்கும் காற்றின் அளவு. வெளியேறும் வழி அகலமானதும் நெரிசல் குறைந்தது. கோயில் திருவிழாவில் பின்வாசலையும் திறந்துவிட்டால் முன்மண்டபத்தில் தள்ளுமுள்ளு குறையுமே, அதுபோல. உள்ளே வந்துபோகும் கூட்டம் குறையவில்லை.

ஈசியுவுக்கு இது தெரியாது. அது அழுத்தத்தைத்தான் பார்க்கிறது. அழுத்தம் குறைந்தது, ஆகவே காற்றும் குறைந்தது என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கிறது. உண்மையில் காற்று கூடியிருக்கிறது. வைட்பேண்டில் 6500-இல் 12.9. இன்னும் மேலே போனால் 13-ஐ நோக்கி நகர்கிறது. அமுக்கப்பட்ட காற்றோடு ஓடும் எஞ்சினுக்கு முழு மிதியில் அது நான் விரும்பும் எண்ணே அல்ல.

நிதானமாக ஓட்டும்போது மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. அங்கே ஆக்சிஜன் சென்சார் தவறைத் திருத்திக்கொண்டே வருகிறது. மிதியை முழுதாக அழுத்தும்போது அந்தத் திருத்தம் நின்றுவிடுகிறது, மேப்பில் எழுதியதே வேதம். டியூனிங் தேவையில்லை என்று சொல்பவர்களில் பலர் சாதாரண ஓட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள் என்பது என் ஊகம். நானும் ஜூலை வரை அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

இதை மினி நிறுவனமே அறிந்திருந்தது. ஜான் கூப்பர் வொர்க்ஸ் என்ற பெயரில் இதே வண்டிக்கு 200 குதிரைத்திறன் தொகுப்பு ஒன்றை விற்றார்கள். மாற்றிய சூப்பர்சார்ஜர், சிறிய புல்லி, திருத்திய சிலிண்டர் ஹெட், சைலன்சர். இவற்றோடு புதிய ஈசியு மென்பொருளும் உண்டு. எஞ்சினைப் பொருத்தியவர்களே கணினியைச் சும்மா விடவில்லை. நான் யார் விடுவதற்கு?

அக்டோபரில் டியூன் செய்பவரிடம் நாள் வாங்கினேன். அவர் கேட்ட முதல் கேள்வி பெட்ரோலைப் பீய்ச்சும் குழாய்களைப் பற்றியது, "இன்ஜெக்டர் பழையதா?" ஆம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். 6500 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்கு 18.5 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. தன் மடிக்கணினியில் என் இன்ஜெக்டர் 17 மில்லிவினாடி திறந்திருப்பதைக் காட்டினார். 92 சதவீதம். குழாய் கிட்டத்தட்ட மூடவே இல்லை. மேப்பில் எவ்வளவு எழுதினாலும் ஊற்றப் பெட்ரோல் இல்லை.

நிமிடத்துக்கு 330 கன சென்டிமீட்டர் விடும் பழையவற்றைக் கழற்றி, 380 விடுபவற்றைப் போட்டேன். போட்ட இரவுக்கும் டியூனிங்குக்கும் நடுவே ஒரு பயணம் இருந்தது, 25 மைல். கொஞ்சமும் அழுத்தாமல், பால்குடம் எடுப்பவர்போல ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்டார்ட் செய்ததும் பெட்ரோல் வாடை, திருத்தம் கழித்தல் 13 சதவீதம். ஒவ்வொரு முறையும் 15 சதவீதம் அதிகமாகக் கொட்டுகிறது என்பதே ஈசியுவுக்குத் தெரியாது. மற்ற பாகங்களில் வாதாட இடமுண்டு. இன்ஜெக்டரை மாற்றிவிட்டு மேப்பை மாற்றாமல் ஓட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ரோலிங் ரோட்டில் மூன்று மணி நேரம். முதலில் இன்ஜெக்டர் அளவைச் சொல்லிக்கொடுத்தார், பிறகு எரிபொருள், கடைசியாகத் தீப்பொறி. ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, நாக் கேட்கிறதா என்று காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். திறன் கூடுவது நின்ற இடத்தில் ஏற்றுவதையும் நிறுத்தி, ஒரு டிகிரி திரும்ப இறக்கினார். அந்த ஒரு டிகிரிக்காகவே அவரை எனக்குப் பிடித்தது. இணையத்தில் கோப்பாக அனுப்பும் பொது மேப் எதுவும் இதைச் செய்யாது. அது என் எஞ்சினைக் கண்டதே இல்லை.

மேனிஃபோல்டோடு மேப் இல்லாமல் 181 இருந்தது, 197 ஆனது. விகிதம் 11.8-இல் நேர்கோடாகப் படுத்திருக்கிறது. உச்ச எண்ணைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது 3000-க்கும் 4500-க்கும் நடுவிலான பகுதி. மூன்றாம் கியரில் முன்பு யோசித்துக் கிளம்பிய வண்டி இப்போது கேட்பதற்கு முன்பே கிளம்புகிறது. மேப்புக்கும் ரோலிங் ரோடுக்கும் சேர்த்து 420 பவுண்டு. புல்லிக்கும் பெல்ட்டுக்கும் கொடுத்ததைவிட அதிகம் என்பது உறுத்தத்தான் செய்தது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எல்லா மாற்றங்களையும் எழுதித் தெரிவித்தேன், மேப் உட்பட. தவணை கூடியது. நவம்பரில் ஆண்டுதோறும் வண்டிக்கு நடக்கும் எம்ஓடி சோதனையில் புகை அளவு தேறியது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததன் பலன்.

அண்ணனின் வைட்பேண்ட் மானியைப் போன சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்று வாங்கியாயிற்று. ஸ்டியரிங் தூணின் மேல் பூஸ்ட் கேஜ் இருந்த இடத்தில் அதைப் பொருத்தினேன். பூஸ்ட் கேஜ் இப்போது பழைய பெல்ட்டோடு அலமாரியில் கிடக்கிறது.