ரெடிமேட் பாத்ரூம் வாங்கும்போது முதலில் குனிந்து அடியில் பாருங்கள்

ஃபேக்டரியிலேயே செய்து கேபினாகக் கொண்டுவந்து இறக்குகிற ரெடிமேட் பாத்ரூம் வாங்கலாமா என்று கேட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்கள் எல்லாருமே உள்பக்கத்தைத்தான் அனுப்புகிறார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு வெஸ்டர்ன் கிளாசெட், ஷவர், கண்ணாடி, மரக்கலரில் கதவு. நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: கழிவுக் குழாய் எந்தப் பக்கம், தரையிலிருந்து என்ன உயரத்தில் வெளியே வருகிறது? பெரும்பாலும் பதில் வராது, விற்கிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். கேட்டு வந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

பிளம்பிங் எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் முடித்திருப்பது கேபினின் சுவர் வரைக்கும். அதற்கு வெளியே தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்பதெல்லாம் நம் பாடு. 4 இஞ்ச் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி வாட்டம் கொடுப்பது வழக்கம். செப்டிக் டேங்க் 40 அடி தள்ளி இருக்கிறது, டேங்க்கின் வாயும் தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால், அந்த 1 அடியை எங்கிருந்து எடுப்பது? கேபினைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். தூக்கினால் படி வரும். முழங்கால் வலி உள்ளவருக்காக வாங்கிய பாத்ரூமில் ஏற இரண்டு படி என்றால் வாங்கியதற்கு என்ன அர்த்தம்?

என் அக்காவின் மாமனாருக்கு இதே நிலைமைதான். மன்னார்குடிப் பக்கம் பழைய வீடு, கழிப்பறை கொல்லைக் கடைசியில். ராத்திரி அவ்வளவு தூரம் நடக்க முடியாது, வீட்டுக்குள் உடைத்துக் கட்டவும் மனசில்லை. களிமண் பூமி வேறு. ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிட்டால் உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது, தாழ்வான கிளாசெட் என்றால் ஃப்ளஷ் பண்ணியது திரும்ப மேலே எழும்பும். அந்த வீட்டுத் தரை வெளி மண்ணை விட 2 அடி உயரம். அதனால் பின்கட்டுக் கதவை ஒட்டி, ஹாலோ பிளாக் திண்டு எழுப்பி, வீட்டுத் தரை மட்டத்துக்கே கேபினை உட்கார வைத்தோம். படியே இல்லை. அடியில் 2 அடி இடம் கிடைத்ததால் குழாய்க்கு வாட்டமும் தாராளம், நாளைக்கு அடைத்துக்கொண்டால் பிளம்பர் உட்கார்ந்து கழற்றிப் பார்க்கலாம்.

அந்த மாதிரி உயரம் கிடைக்காத இடத்தில் பி டிராப் (டிராப் என்பது தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கிற குழாய் வளைவு) கிளாசெட் உள்ள கேபினைக் கேளுங்கள். அதில் கழிவு தரைக்கு மேலே சுமார் 7 இஞ்ச் உயரத்தில் பின்சுவர் வழியாகவே வெளியே போய்விடும். எஸ் டிராப் என்றால் தரையைத் துளைத்துக் கீழே இறங்கும், அடியில் இடம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் குளிக்கிற தண்ணீர் எப்படியும் தரையில் உள்ள டிராப் வழியாகத்தான் போகும், ஆகவே பி டிராப் வைத்தாலும் ஒட்டத் தரையில் உட்கார வைக்க முடியாது. சில இஞ்சாவது தூக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு சாய்தளம் போட்டுக்கொள்ளலாம்.

வயசானவர்களுக்கு வாங்குகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டியது பிடிகம்பி. பஃப் பேனல் சுவர் என்பது இரண்டு மெல்லிய தகட்டுக்கு நடுவே ஃபோம். அதில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய கம்பி, ஆள் வழுக்கி விழப்போகும்போது பிடித்தால் சுவரோடு பிய்த்துக்கொண்டு வரும். உள்ளே இரும்புப் பட்டையோ கனமான பிளைவுட்டோ வைத்துத்தான் பேனலை அடைக்க வேண்டும், அடைத்த பிறகு செய்ய முடியாது. கதவு 3 அடி அகலம் இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை நம்மால் தள்ள முடியாது. பிடிகம்பி, கதவு இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இனி கட்டட வேலை நடக்கிற சைட். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய வேலை நடக்கிற இடங்களில் இப்போது வரிசையாகக் கேபின்கள் நிற்கின்றன, நல்ல விஷயம்தான். வேலையிடத்தில் போதுமான கழிப்பறை இருக்க வேண்டும், வேலை நேரம் முழுக்க எளிதில் போய்வரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்று 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 33-வது பிரிவு அப்போதே சொல்லிவிட்டது. ஆனால் சின்ன சைட்டில், அடுக்குமாடி ஒன்று எழும்புகிற இடத்தில், சித்தாள் வேலைக்கு வருகிற பெண்கள் காலையில் வீட்டில் போனதோடு சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்பு வந்து படுத்துவிடுகிறார்கள். ஒரு கேபின் இறக்குவதற்குக் கணக்குப் பார்க்கிற காண்ட்ராக்டர்களிடம் நான் கோபமாகவே பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

சைட்டுக்கு வெஸ்டர்ன் வேண்டாம், குந்தி உட்காருகிற ஒரிசா பேன் போதும், கழுவுவதும் சுலபம். காசை வேறு இடத்தில் போடுங்கள். உள்ளே நல்ல தாழ்ப்பாள், ஒரு லைட், உள்ளேயே தண்ணீர்க் குழாய், மூடி போட்ட குப்பைத்தொட்டி, துணி மாட்ட கொக்கி. வாசல் ஆண்கள் உட்காரும் பக்கம் பார்க்கக் கூடாது. ஆட்கள் தங்குகிற கொட்டகை என்றால் பெண்களுக்குக் குளியலறைக் கேபினைத்தான் முதலில் வாங்க வேண்டும். ஆண்கள் தொட்டியடியில் நின்று குளித்துவிடுவார்கள், பெண்கள் விடியுமுன் இருட்டில் சேலையைச் சுற்றிக்கொண்டு குளிக்க வேண்டியிருக்கிறது.

கழிவு டேங்க் கணக்கு சாதாரணமானதுதான், ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 25 பேர், ஆளுக்கு நாளைக்கு 2 தடவை, தடவைக்கு 6 லிட்டர் என்றால் 300 லிட்டர். அடியில் 1,000 லிட்டர் டேங்க் வைத்த கேபின் மூன்று நாள் தாங்கும். குளிக்கிற தண்ணீரையும் அதிலேயே விட்டால் ஆளுக்கு ஒரு பக்கெட் 20 லிட்டர் வீதம் இன்னும் 500 சேரும், மறுநாளே வழியும். அதனால் குளியல் தண்ணீருக்கும் கழிவுக்கும் தனித்தனி வெளிவாய் உள்ள கேபினாகப் பாருங்கள். கழிவுநீர் லாரியின் ஹோஸ் எட்டுகிற இடத்திலும் வையுங்கள். மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, லாரி வர முடியவில்லை என்று ஓர் ஆளை டேங்க்குக்குள் இறக்குகிற எண்ணமே யாருக்கும் வரக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளைக் கொன்றுவிடும்.

மெட்டீரியலைப் பொறுத்தவரை, அடிக்கடி இடம் மாற்றுவதென்றால் ஃபைபர்; 4-க்கு 4 அடி கேபினை நாலு பேர் சேர்ந்து நகர்த்தலாம், குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டியிலேயே ஏற்றலாம். வருஷக்கணக்கில் ஒரே இடம் என்றால் இரும்புச் சட்டத்தில் பஃப் பேனல். வெறும் தகரக் கேபின் சித்திரை வெயிலில் உள்ளே நிற்க முடியாது. நாகப்பட்டினம் மாதிரி கடலோரம் என்றால் கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய சட்டம்தான், பெயின்ட் அடித்த இரும்பு உப்புக்காற்றில் அடியிலிருந்து அரிக்க ஆரம்பித்துவிடும். ஆங்கர் போல்ட் போட்டுத் தரையோடு பிடித்தே ஆக வேண்டும். 2018-ல் கஜா புயல் அடித்தபோது கூரைத் தகடுகள் எப்படிப் பறந்தன என்று அந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

மேலே 500 லிட்டர் தொட்டி வைத்துத் தருகிறோம் என்றால் கூரைச் சட்டத்தைப் பாருங்கள், நிரம்பினால் அரை டன். அவ்வளவு தாழ்வான தொட்டியிலிருந்து 10 அடி உயரத்துக்கு உண்டான அழுத்தம்கூடக் கிடைக்காது, பெரிய மழை ஷவர் எல்லாம் சொட்டத்தான் செய்யும். ஹேண்ட் ஷவர், ஒரு பக்கெட், அது போதும். கீசர் வைத்தால் எர்த்தும், மின்கசிவு வந்தால் தானாக கரண்டை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம், உடம்பு முழுக்க இரும்பான பெட்டி அது, உள்ளே நனைந்த காலோடு நிற்கிறோம்.

கேபின் வந்து இறங்கியதும் கதவை மூடிப் பாருங்கள். ஃபேக்டரியில் சரியாக மூடிய கதவு இங்கே மேல்மூலையில் உரசினால் அடியில் மட்டம் சரியில்லை, சட்டம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம், அப்படியே விட்டால் தரை டைல்ஸ் விரிசல் விடும். அப்புறம் டிராப்பிலிருந்து தள்ளியிருக்கிற மூலையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுங்கள். எல்லாம் தானாக டிராப்புக்கு ஓடி வர வேண்டும், ஒரு பக்கம் தேங்கினால் மட்டத்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். ஃப்ளஷ் பண்ணும்போது டிராப்பில் நிற்கிற தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு போனால், கழிவுக் குழாய்க்குக் காற்று விடுகிற வென்ட் குழாய் வேலை செய்யவில்லை, நாற்றம் உள்ளே வரும். நான் பார்த்த ஒரு கேபினில் வென்ட் குழாய் வெளியே கிளாம்ப் போட்டு அழகாக நின்றது, கீழே எதோடும் சேரவே இல்லை. கிரேன்காரரை அனுப்புவதற்கு முன்னாலேயே இத்தனையையும் பார்த்துவிடுங்கள், பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.