அந்தப் பள்ளத்தை நான் எழுதவில்லை

"பெருமழை பெய்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் போகும், தம்பி" என்று வயலின் நடுவே காலால் ஒரு கோடு காட்டினார் அந்த வயலின் விவசாயி. நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். உழவில் பாதி மூடிப்போன, ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் மட்டும் மண் வண்டல்போல் நைசாகப் படிந்திருந்தது. அறுவடைத் தாள்களெல்லாம் ஓடையின் பக்கமாகவே தலைசாய்த்துக் கிடந்தன. தண்ணீர் ஓடியதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் வயலின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஓடைக்குப் போகும் ஆபத்தை மதிப்பிட நான் நிரப்பிய படிவம் கேட்டது, வரைபடத்தில் உள்ள நீரோட்டத்துக்கு எவ்வளவு தூரம் என்று. ஓடை 150 மீட்டர் தள்ளி இருந்தது. 150 என்று எழுதினேன். ஆபத்து 'நடுத்தரம்' என்று வந்தது.

"அப்படியென்றால் இந்த வருஷமும் எரு போடலாமா?"

"பரவாயில்லை, போடலாம்" என்றேன்.

நான்கு ஆண்டுகளாக அந்தப் 'பரவாயில்லை' என்னை விட்டுப் போகவில்லை.

விதிப்படி நான் செய்தது தவறில்லை. வயலிலிருந்து மணிச்சத்து நீர்நிலைக்குப் போகும் ஆபத்தைக் கணிக்க 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் லெமுன்யனும் கில்பர்ட்டும் முன்வைத்த முதல் குறியீட்டில் எல்லாக் காரணிகளின் மதிப்பெண்களையும் கூட்டினார்கள். பின்னர் வந்த பல வடிவங்களில், மண்ணிலும் எருவிலும் உள்ள சத்து ஒரு பக்கம், அதைக் கொண்டுபோகும் அரிப்பு, ஓட்டம், தூரம் எல்லாம் மறுபக்கம் என வைத்து இரண்டையும் பெருக்குகிறோம். நல்ல திருத்தம்தான். சத்து எவ்வளவு குவிந்திருந்தாலும் அது வெளியேற வழியில்லை என்றால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பெருக்கலில் ஒரு கட்டத்தில் எழுதும் எண் மொத்தத்தையும் சரித்துவிடும். அவர் மண்ணில் மணிச்சத்து பயிரின் தேவையைப்போல் மூன்று மடங்கு இருந்தது. தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) ஆண்டுதோறும் கோழி எரு போட்டால் அப்படித்தான் ஆகும். பயிர் எடுப்பதைவிட அதிகமான மணிச்சத்து கூடவே வந்து மண்ணில் தங்கிவிடும். அந்த வயலைக் காப்பாற்றியது 150 என்ற எண் ஒன்றுதான்.

இன்னொரு நியாயமும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் கணக்கில் எடுத்திருந்தால் 'உயர் ஆபத்து' வந்திருக்கும், எருவை நிறுத்தியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்த பக்கத்து வயல்காரருக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. உண்மை பேசியவருக்கா தண்டனை? இந்த வாதம் எனக்கு இன்றும் வலுவாகத்தான் படுகிறது. ஆனால் அந்த நிமிடத்தில் நான் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. மாலைக்குள் இன்னும் இரண்டு வயல்கள் பாக்கி இருந்தன, அவ்வளவுதான்.

ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வெளியேறும் மணிச்சத்தில் பெரும்பங்கு அதன் சிறு பகுதியிலிருந்து, அதுவும் சில பெருமழைகளில்தான் வெளியேறுகிறது. அந்தச் சிறு பகுதியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதை அவர் காலால் தொட்டுக் காட்டினார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

ஹெக்டேருக்கு ஒரு கிலோ மணிச்சத்து போனால் விவசாயிக்குத் தெரியவே தெரியாது, விளைச்சலும் குறையாது. ஆனால் லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்ற அளவிலேயே ஒரு ஏரி பாசி பிடிக்கத் தொடங்கலாம். அந்த ஒரு கிலோ 5 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். கனடாவின் 226ஆம் எண் ஏரியைத் திரைபோட்டு இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனையின் படத்தை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். கார்பனும் தழைச்சத்தும் இரண்டு பக்கமும் இட்டார்கள். மணிச்சத்தும் சேர்த்து இட்ட பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. அதைக் காட்டி விளக்கிய அதே வாயால்தான் 'பரவாயில்லை' என்றேன்.

அடுத்த பருவத்தில், ஒரு பெருமழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் போனேன். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பள்ளத்தில் செம்மண் கலங்கல் இல்லை, தண்ணீர் ஏறக்குறைய தெளிவாகவே ஓடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. கரைந்த மணிச்சத்துக்கு நிறம் கிடையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. மாதிரிக் குப்பி வண்டியிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்து அதில் அளவு கூடுதலாக இருந்தாலும், அந்த ஆண்டின் எருவா, இருபது ஆண்டுச் சேமிப்பா என்று அந்த ஒரு குப்பி சொல்லியிருக்காது. உண்மைதான். ஆனாலும் எடுக்காததற்கு அது காரணம் இல்லை.

இப்போது எந்த வயலுக்குப் போனாலும் "மழையில் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பதிலை எழுதியும் விடுகிறேன். அப்படி எழுதி ஒருவருக்கு 'உயர் ஆபத்து' வந்தபோது, "சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் பழைய வயலுக்கு மறுமதிப்பீடு. பள்ளத்தை எழுதத்தான் போகிறேன். படிவத்தைத் திறப்பதற்கு முன்பே அவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் அவர் எண்ணை இரண்டு முறை எடுத்து, அழைக்காமல் வைத்துவிட்டேன்.