மூன்று படி கீழே

எங்கள் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மாஸ்டர் போய்விட்டார் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் சொன்ன இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தால் அவரோடு ரோய் ஹலடேயும் வந்து நிற்கிறார். இருவரையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

ஹலடே ரொறன்ரோ புளூ ஜெய்ஸ் பேஸ்போல் அணியின் பந்துவீச்சாளர். 1998 செப்டெம்பர் 27, வேலைத்தலத்தில் கிடைத்த ரிக்கற்றோடு ஸ்கைடோம் மைதானத்தின் மேல்தட்டில் இருந்தேன். 21 வயதுப் பெடியன். ஆரம்ப வீச்சாளராக அவருக்கு அது இரண்டாவது ஆட்டம்தான். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழக்கும்வரை, எதிரணி டெட்ரொயிட்டுக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்வது) கூடக் கொடுக்கவில்லை.

2000 இல் எல்லாம் சரிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 10.64 ஓட்டம் விட்டுக்கொடுத்தார். அடுத்த வசந்தத்தில் அவரைப் புளோரிடாவின் டனீடினுக்கு, மூன்று படி கீழே இருந்த சிறு லீக் அணிக்கு, அனுப்பினார்கள். பத்திரிகையில் வாசித்தபோது எனக்கு முகம் சுட்டது.

1983 பிக் மேட்ச்சை, எங்கள் பள்ளிக்கூடத்தின் வருடாந்தக் கிரிக்கெட் போட்டியை, நீங்கள் எல்லாரும் பார்த்தவர்கள். என் கடைசி ஓவரைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை அசெம்பிளி முடிய மாஸ்டர் கூப்பிட்டார். "இண்டையிலயிருந்து நீர் பதினைஞ்சு வயதுப் பெடியளோட போடும்."

என் தம்பியின் வகுப்புப் பெடியள் சிரித்தார்கள். மூன்று நாள் ஒருவரோடும் பேசாமல் போட்டேன். நாலாம் நாள் அவர் வந்து, வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து, பந்து குத்தவேண்டிய இடத்தில் வைத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, காதை உரசி வந்த கையை ஒரு சாண் வெளியே தள்ளினார். "அவசரப்படாதேயும். பழைய கையை மறக்கவேணும். அதுக்குத்தான் உம்மை இங்க விட்டனான்."

ஆறு கிழமை. துணியில் விழுந்த செம்மண் அடையாளங்களைப் பின்னேரம் அவரே குனிந்து எண்ணுவார்.

ஹலடேக்கும் அதுதான் நடந்தது. தலைக்கு மேலால் நேரே வந்த கையைச் சரித்து விடும்படி மெல் குவீன் என்ற பயிற்சியாளர் பழக்கினார். நேராக வந்த பந்து கடைசி நேரத்தில் அமிழத் தொடங்கியது. ஜூலையில் ரொறன்ரோ திரும்பினார். 2003 இல் 22 வெற்றி, வருடத்தின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது. 2010 மே 29 அன்று பிலடெல்பியாவுக்காக ஆடியபோது, எதிரணி மட்டை பிடித்த 27 முறையும் ஒருவரையும் தளம் சேர விடவில்லை. அன்றிரவு மாஸ்டருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அரைப் பக்கத்தோடு நின்றுவிட்டது.

2013 டிசெம்பரில் ஹலடே ரொறன்ரோவோடு ஒரே ஒரு நாளைக்கு ஒப்பந்தம் எழுதி, வளர்த்த அணியின் ஆளாகவே ஓய்வு பெற்றார். நாலு வருடத்தில், தானே ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து, 40 வயதில் இறந்துபோனார். அந்த ஒரு நாளுக்காவது அவர் திரும்பி வந்தார்.

நான் 1984 தையில் கொழும்புக்குப் பஸ் ஏறினேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. அன்று பின்னேரம் எனக்குப் பயிற்சி இருந்தது. இருட்டும்வரை கைக்குட்டையை விரித்துவைத்துக்கொண்டு நின்றாராம். தம்பி எழுதியிருந்தான்.