சித்திரை மாதக் குறிப்புகள்

ஏப்ரல் 12
தம்பிக்கு மெஷின்தான் மூச்சு விடுகிறது.

ஏப்ரல் 14
வருசப் பிறப்பு. அம்மா சின்னப் போத்தலில் மருத்துநீர் கொண்டுவந்தார். "தலையில ரெண்டு சொட்டு வைச்சா என்ன மகள்?" என்று மிஸ்ஸியிடம் கெஞ்சினார். தலை முழுக்கக் கட்டு. மிஸ்ஸி பஞ்சில் நனைத்துத் தம்பியின் பெருவிரலில் வைத்தாள்.

வெளி வாங்கிலிருந்து போனை நோண்டினேன். ஜேசன் டன்ஹம், அமெரிக்க மரைன் கோப்ரல். 2004, இதே நாள், ஈராக்கில் சிரிய எல்லைப் பக்கம். வாகனச் சோதனையில் ஒருவன் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறான். மல்லுக்கட்டில் கிரனேட் விழ, இவன் தன் ஹெல்மெட்டை அதன்மேல் கவிழ்த்து, உடம்பையும் போட்டுவிட்டான். கூட நின்ற இருவர் காயத்தோடு பிழைத்தார்கள். வயது 22. தம்பிக்கும் அதுதான்.

ஏப்ரல் 15
தம்பியின் ஹெல்மெட் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒரு கீறலும் இல்லை.

ஏப்ரல் 17
பெரிய டொக்டர் பொறுத்துப் பார்ப்போம் என்றார். எதைப் பார்க்க?

கிரனேட்டை ஹெல்மெட் தாங்குமா என்று டன்ஹம் முன்பே கூட்டாளிகளோடு வாதாடியிருக்கிறான். தாங்கவில்லை, துண்டு துண்டாகிவிட்டது. எல்லாரும் "உயிரைக் கொடுத்தான்" என்றே எழுதுகிறார்கள். சாவதற்கென்று பாய்கிறவன் இப்படிக் கணக்குப் பார்ப்பானா? தானும் தப்பலாம் என்று நம்பித்தான் படுத்திருப்பான். எனக்கு அப்படி நினைக்கத்தான் பிடிக்கிறது.

ஏப்ரல் 18
மாமி மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வைக்கட்டும்.

ஏப்ரல் 19
திருக்கோவிலிலிருந்து சித்தப்பா. "ஆமிக்காரன் கதையா வாசிக்கிறாய்?" என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு ஹெல்மெட் என்றால் சுற்றிவளைப்பு. ஈராக் சனத்துக்கும் அப்படித்தானே இருந்திருக்கும் என்றார். மறுக்க முடியவில்லை. ஆனாலும் அந்த இரண்டு பேர் பிழைத்தது பிழைத்ததுதான்.

ஏப்ரல் 21
சீயோன் தேவாலயப் பக்கத்தால் வந்தேன். 2019 உயிர்த்த ஞாயிறு. குண்டுப் பையோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலில் மறித்தார் ரமேஷ் ராஜு. துவக்கும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. வெளியே வெடித்தே இத்தனை பிள்ளைகள் போனதென்றால், உள்ளே? கல்லடிப் பாலம் வரைக்கும் இதே யோசனை.

ஏப்ரல் 22
டன்ஹம் எட்டு நாள் கிடந்தான். இன்றுதான் முடிந்தது. பெதஸ்டா கடற்படை ஆஸ்பத்திரியில் மெஷினை நிறுத்தச் சம்மதித்தது தாய் தகப்பன். 2007 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் மெடல் ஒஃப் ஒனர் வாங்கியதும் அவர்களே. பிறகு ஒரு போர்க்கப்பலுக்கு அவன் பெயர். கப்பல் இருக்கட்டும். அந்த அறையில் முதலில் "சரி" என்றது யார், தாயா, தகப்பனா?

ஏப்ரல் 23
மூளைச்சாவுதானா என்று டொக்டர்கள் இரண்டாம் முறையும் சோதித்துவிட்டார்களாம். சிறுநீரகம் கொடுப்பது பற்றியும் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, "நீ சொல்லு மனே" என்றார். இரண்டு மணிக்குக் கையெழுத்து. அடையாள அட்டை வீட்டில், எடுக்கப் போகிறேன்.